தோணி கரை சேராத வாரம்: நாசரேத்திலிருந்து புன்னைக்காயலுக்கு

புன்னைக்காயலுக்கு எப்படிப் போவது என்று கேட்டு இந்த வாரம் மட்டும் மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் அந்த வழி எனக்குத் தெரியவந்த கதையைச் சொல்லாமல் வெறும் பஸ் நேரத்தை எழுத மனம் வரவில்லை. எழுபதுகளின் நடுவில், ஐப்பசி மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நானும் என் வீட்டுக்காரரும் நாசரேத்திலிருந்து கிளம்பினோம். எங்கள் மூத்த மகன் ஆசீர் ஏறிப்போன தோணியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை என்று முந்தின நாள் சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

எனக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு டீச்சர். என் வீட்டுக்காரர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஊரில் எல்லாருக்கும் அவர் சார்வாள். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைக் கணக்கில் தேற்றிவிட்ட மனுஷனுக்குச் சொந்த மகன் எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் இரண்டு தடவை தோற்றதைத் தாங்க முடியவில்லை. தினமும் வீட்டில் சண்டை. ஒரு நாள் பதினெட்டு வயதுப் பிள்ளையை அடிக்கக் கை ஓங்கினார். அவன் அந்தக் கையை மணிக்கட்டில் பிடித்து நிறுத்தினான். பிடியை விடவில்லை. நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இவர்கள் இரண்டு பேரும் இனி ஒரே வீட்டில் இருந்தால் ஏதோ ஒரு நாள் ரத்தம் பார்க்க வேண்டிவரும் என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் ஆசீருக்குத் தூத்துக்குடியில் ஒரு சிநேகிதன் மூலம் சவரிமுத்துத் தண்டலின் பழக்கம் கிடைத்தது. தண்டல் என்றால் தோணியை நடத்துகிறவர். அப்போதெல்லாம் வெங்காயமும் வத்தலும் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துக் கொழும்புக்குப் போகும் தோணிகள் உண்டு. சமையலுக்கும் கயிறு இழுக்கவும் ஆள் வேண்டும், வருகிறாயா என்று தண்டல் கேட்டிருக்கிறார். ஆசீர் வீட்டில் வந்து சொன்னான். அவனுக்கு நீச்சல் தெரியாது.

"நாம முடிவெடுக்கக் கூடாதுளா. ஆண்டவர்கிட்ட கேப்போம்" என்றார் என் வீட்டுக்காரர். ஒரு நாள் முழுக்க உபவாசம் இருந்தோம். சாயங்காலம் சீட்டுப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு. "நீ எழுது, நான் எடுக்கேன்" என்றார். ஒன்றில் 'போகட்டும்', இன்னொன்றில் 'இருக்கட்டும்' என்று எழுத வேண்டும். நான் இரண்டிலும் 'போகட்டும்' என்றே எழுதி மடித்துத் தட்டில் வைத்தேன். முழங்காலில் நின்று ஜெபம் பண்ணிவிட்டு அவர் ஒன்றை எடுத்துப் பிரித்தார். வாசித்தார். "ஸ்தோத்திரம்" என்றார். மற்றதை நான் எடுத்துப்போய் அடுப்பில் போட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை தோணி புறப்பட்டது. செவ்வாய்க்கிழமை காற்று கிளம்பியது. நாசரேத்திலேயே முருங்கை மரங்கள் முறிந்து விழுந்தன.

வெள்ளிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பஸ். குரும்பூர், ஆறுமுகநேரி, ஆத்தூர், முக்காணி, பழையகாயல் வழியாகத் தூத்துக்குடி; நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. ஆளுக்கு ஒரு ரூபாய் அறுபது பைசா டிக்கெட். ஆத்தூரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. வெற்றிலைக் கட்டுகளை மேலே ஏற்றினார்கள். வண்டி எப்போது எடுப்பார்கள் என்று தவித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அதே ஆத்தூருக்கே திரும்பி வரப்போகிறோம் என்று எனக்குத் தெரியாது.

எட்டு மணிக்குத் தூத்துக்குடி. கடற்கரைச் சாலைக்கு நடந்தே போனோம். தெற்கே பெரிய கப்பல்களுக்கான புதுத் துறைமுகத்தில் வேலை மும்முரமாக நடந்த காலம் அது. தோணிகள் பழைய துறைமுகத்தில்தான் கட்டிக்கிடக்கும். அன்றைக்கு எல்லாத் தோணியும் பாயைச் சுருட்டிக்கொண்டு ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன. கடல் செம்மண் நிறத்தில் இருந்தது.

தோணிக்குச் சரக்குப் பிடித்துக் கொடுக்கும் ஆபீசில் ஒரு கிளார்க் இருந்தார். நல்ல மனுஷன். எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேசினார்.

"கொழும்புல இருந்து தந்தி வரல சார்வாள். மத்த ரெண்டு தோணி போய்ச் சேந்துட்டு. இது மட்டுந்தான் தெரியல. காத்துக்குத் தெக்க ஒதுங்கியிருக்கும். பொறுத்துப் பாப்போம்."

"எத்தன பேரு அதுல?"

"ஒம்பது பேரு."

மூன்று மணி நேரத்துக்கு மேல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் வீட்டுக்காரர் கண்ணை மூடி உதடு அசையாமல் ஜெபித்துக்கொண்டிருந்தார். என்னால் ஒரு வார்த்தை ஜெபிக்க முடியவில்லை. எந்த வாயால் கேட்பது? பதினொன்றரைக்கு ஒருவர் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார்.

"புன்னக்காயல்ல மூணு பேரு கரையேறிருக்காவளாம். நம்ம தோணி ஆளுவதான். சின்ன வள்ளத்துல வந்திருக்காவ."

"பேரு?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"தெரியல அண்ணாச்சி. ஒருத்தன் எளவட்டம்னு சொல்லுதாவ."

அடுத்த பஸ் ஒரு மணிக்கு. அதுவரை நிற்க எங்களால் ஆகாது. உப்பை இறக்கிவிட்டு ஆத்தூர்ப் பக்கம் திரும்பும் ஒரு லாரியைக் கிளார்க்கே நிறுத்திக் கொடுத்தார். டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏறுங்க சார்வாள், என் தம்பி ஒங்ககிட்ட படிச்சவந்தான்" என்றார். முன்னால் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். முத்தையாபுரம் தாண்டியதும் இரண்டு பக்கமும் உப்பளம். மழையில் பாத்திகள் எல்லாம் ஒன்றாகிக் கிடந்தன.

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். "அழாதளா. கர்த்தர் போகச் சொல்லி அனுப்புன பிள்ள. நான் எடுத்த சீட்டு நெனவிருக்குல்லா? போகச் சொன்னவரு கைவிடமாட்டாரு."

காலையிலிருந்து நாலாவது தடவையாக அதைச் சொல்கிறார். அந்த ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியவில்லை.

"அது ஆண்டவர் தந்த சீட்டு இல்ல. நான் தந்தது. ரெண்டுலயும் போகட்டும்னுதான் எழுதுனேன்" என்றேன்.

டிரைவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டார். பழையகாயல் போனது, முக்காணி போனது, ஆற்றுப் பாலம் வந்தது. தாமிரபரணி இரண்டு கரையும் முட்டப் போய்க்கொண்டிருந்தது. இருபத்துநாலு கிலோமீட்டரையும் லாரி ஐம்பது நிமிஷத்தில் கடந்தது. ஆத்தூரில் இறங்கி டிரைவரிடம் ஐந்து ரூபாய் நீட்டினேன். "வேண்டாம்மா. போயி மொதல்ல பிள்ளையப் பாருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆத்தூரிலிருந்து புன்னைக்காயல் ஏழு கிலோமீட்டர் இருக்கும். ரோட்டில் பாதி இடத்தில் தண்ணீர் நின்றதால் வண்டி எதுவும் வரவில்லை. நடந்தோம். அவர் முன்னால், நான் இருபது அடி பின்னால். ஒரு ஓடையைத் தாண்டும்போதுதான் நின்று திரும்பினார்.

"அப்போ இத்தன நாளா நான் யாருக்கு ஸ்தோத்திரம் சொல்லிட்டிருந்தேன்?"

பதிலுக்குக் காத்திராமல் மறுபடி நடந்தார்.

இரண்டரை மணி சுமாருக்குக் கோயில் கோபுரம் தெரிந்தது. ஊரே கரையில் நின்றது. வள்ளத்தில் வந்த மூன்று பேரையும் கோயிலை ஒட்டிய ஒரு வீட்டில் படுக்க வைத்திருந்தார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். முதல் இரண்டு பேரும் வயதானவர்கள். மூன்றாவது ஆள் கம்பளிக்குள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான். தோள் ஆசீரின் தோள் மாதிரியே இருந்தது. தொட்டுத் திருப்பினேன். உப்புத் தண்ணீரில் வீங்கிய முகம். வேறு யாரோ பெற்ற பிள்ளை.

அந்தோணி என்று பெயர் சொன்னான். அவனுக்குத் தெரிந்ததை விட்டு விட்டுச் சொன்னான். செவ்வாய்க்கிழமை பாய்மரம் முறிந்தது. வெங்காய மூட்டைகளை எல்லாம் கடலில் தள்ளினார்கள். புதன்கிழமை விடியும் முன்னே, கரைக்குத் தகவல் சொல்ல மூன்று பேரைச் சின்ன வள்ளத்தில் இறக்கினார் தண்டல்.

"ஒங்க மவனத்தான் மொதல்ல ஏறச் சொன்னாரு, சின்னவன்னு. அவன் வரமாட்டேன்னுட்டான். நீச்சல் தெரியாதுல்லா, வள்ளத்தப் பாத்துப் பயந்துட்டான். அவன் எடத்துலதான் நான் வந்தேன்" என்றான். அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை.

எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவள் செலின். சவரிமுத்துத் தண்டலின் மனைவி; ஆசீரை முன்பே தெரிந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். கையில் செபமாலை ஓடிக்கொண்டே இருந்தது. அந்தக் கையோடேயே எங்களுக்குப் பாய் எடுத்துப் போட்டாள். "அவுக கடலுக்குப் புதுசு இல்லக்கா. ஒங்க பிள்ள அவுக கூடத்தான இருக்கான், பயப்படாதீய" என்றாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் என் வீட்டுக்காரரைத் தேடிக் கரைக்குப் போனேன். கவிழ்த்துப் போட்ட ஒரு வள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவராகவே பேசினார்.

"சபையில சீட்டுப் போட்டா ரெண்டையும் பிரிச்சு எல்லாருக்கும் காட்டணும். அத நாந்தான் ஊருக்குச் சொல்லிக் குடுத்தேன். அன்னைக்கு நான் ஒண்ணத்தான் பிரிச்சேன். கவனிச்சியா?"

கவனிக்கவில்லை. அதுவரை அது எனக்குத் தோன்றவே இல்லை.

"ஒன் மொகத்தப் பாத்தேன். இன்னொரு சீட்டுல என்ன இருக்கும்னு அப்பமே தெரிஞ்சிட்டு. பிரிச்சிருந்தா அவன் போயிருக்க முடியாது. நான் பிரிக்கல."

"ஏன்?"

"அவன் என் கையப் பிடிச்ச அன்னைக்கு நான் பயந்துட்டேன். பெத்த மவனப் பாத்துப் பயந்துட்டேன். அவன் வீட்டுல இல்லாட்டா நிம்மதின்னு நெனச்சேன். ஒன்ன மட்டும் குத்தம் சொல்லிட்டு வழி பூரா நடந்து வந்தேன் பாரு."

அந்த மணலில் முழங்கால் போட்டோம். அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவோ ஜெபித்திருக்கிறோம். அப்படி ஒரு ஜெபம் அமையவில்லை. "ஆண்டவரே, நீர் அவனை அனுப்பவில்லை. நாங்கள்தான் அனுப்பினோம். உம்முடைய பேரைச் சொல்லி அனுப்பினோம். இனி என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை." அவ்வளவுதான். பதில் என்று ஒன்றும் வரவில்லை. பிறகு செலின் வந்து, "எக்கா, கஞ்சி ஆறிப்போவுது, சாரையும் கூட்டிட்டு வாங்க" என்றாள். எழுந்து போனோம். அடுத்து செய்ய வேண்டியது அதுவாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை பகல் பதினொன்றே முக்காலுக்குக் காயல்பட்டணத்திலிருந்து ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடற்கரை வழியாகவே வந்தார். காதர் காக்கா என்றார்கள். காக்கா என்றால் அந்த ஊரில் அண்ணன். முழங்கால் வரை மணலும் ஈரமும்.

"தோணி எங்க ஊருக் கரையில தரைதட்டி நிக்குது. விடிய வள்ளத்த விட்டு ஆள எறக்கிட்டோம். அஞ்சு பேரு உசுரோட இருக்காவ."

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். ஒன்பதில் மூன்று போனால் ஆறு என்று அவருக்குள் ஓடியது எனக்கும் கேட்டது. செலினுக்கும் கேட்டிருக்கும்.

"யாரு இல்ல?" என்று அவள்தான் கேட்டாள்.

"பேரு வெவரம் நான் கேக்கலம்மா. தகவல் சொல்லணும்னு அப்படியே கெளம்பிட்டேன். ஆண்டவன் காவல்."

மற்ற நாலு பேரின் குடும்பங்களும் தூத்துக்குடியில் இருந்தன. அதனால் காக்காவின் பின்னால் நடந்தது நாங்கள் மூன்று பேர்தான். கரையோரமாக எட்டு கிலோமீட்டர். எங்களுக்கு இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த வழியில் நான் செய்த ஜெபத்தை எழுதக் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன். இல்லாமல் போன அந்த ஒரு ஆள் என் மகனாக இருக்கக் கூடாது என்று கேட்டேன். திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். அப்படியானால் வேறு யாராக இருக்கட்டும் என்பதை நினைக்காமல் கேட்க முயற்சி செய்தேன். பக்கத்தில் செபமாலையோடு நடந்தவள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாய்க்காலில் என் கால் சரிந்தது. அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள். அதற்கப்புறம் விடவே இல்லை.

காயல்பட்டணத்தில் ஒரு வீட்டின் முன்கட்டில் ஐந்து பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டார் எல்லாருக்கும் இடுப்பில் கட்ட உலர்ந்த சாரமும் மேலுக்குத் துண்டும் கொடுத்திருந்தார்கள். நீலச் சாரத்தில், வலது கையில் துணி சுற்றிக்கொண்டு கடைசியில் இருந்தவன் ஆசீர். கயிறு இழுத்ததில் இரண்டு விரல் நசுங்கியிருந்தது.

"லே ஆசீரு" என்று கூப்பிட வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில் நின்ற செலினைப் பார்த்தான். எழுந்து நின்றான். "அக்கா, தண்டல்…" என்று சொல்லிவிட்டு மேலே சொல்ல முடியாமல் அழுதான்.

என் கையைப் பிடித்திருந்த கை அப்போதுதான் தளர்ந்தது. செலின் தரையில் உட்கார்ந்தாள்.

"எப்போ?" என்று கேட்டாள்.

"புதன்கிழம காலையில. எங்களயெல்லாம் முறிஞ்ச மரத்தோட சேத்துக் கட்டிட்டு, தொங்குன பாய அறுக்கப் போனாரு. அலை கொண்டுபோயிட்டு."

செலின் அவனை அண்ணாந்து பார்த்தாள். "புதன்கிழமையா? அதுக்கப்புறமும் நான் மூணு நாளு கேட்டுட்டிருந்தேனே" என்றாள். செபமாலை மடியில் கிடந்தது. அந்த வீட்டுப் பெண்கள் வந்து அவளைத் தாங்கி உள்ளே கூட்டிப்போனார்கள்.

என் பிள்ளை உயிரோடு என் முன்னால் நிற்கிறான். சந்தோஷப்படக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. என் வீட்டுக்காரர் அவன் அருகில் போய் நின்றார். "லே, என்னைய மன்னிச்சிரு. ஒன்ன அனுப்புனது ஆண்டவர் இல்ல, நாங்கதான்" என்றார். ஆசீருக்குப் பாதி புரிந்திருக்காது. "வீட்டுக்குப் போவமாப்பா" என்றான்.

அதன் பிறகு அவன் கணக்குப் பரீட்சை எழுதவில்லை. எழுதச் சொல்லவும் இல்லை. என்ன செய்ய ஆசை என்று அவனிடமே கேட்டோம். இயந்திர வேலை என்றான். இரண்டு விரல் மடங்காத கையோடு கற்றுக்கொண்டு, புதுத் துறைமுகத்தில் கிரேன் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனான். இப்போது ஓய்வு பெற்று மில்லர்புரத்தில் இருக்கிறான். கப்பலை அண்ணாந்து பார்ப்பதோடு சரி, ஏறியதில்லை.

திரும்பி வந்த அடுத்த ஞாயிறு, ஆராதனையில் சாட்சி சொல்லச் சொன்னார்கள். கேட்ட ஜெபத்துக்குப் பதில் கிடைத்ததைச் சபைக்குச் சொல்ல வேண்டுமாம். நான் எழுந்திருக்கவில்லை. அந்த எட்டு கிலோமீட்டரில் இரண்டு பெண்கள் வேண்டிக்கொண்டார்கள். ஒருத்திக்குக் கிடைத்ததை மட்டும் மேடையில் ஏறி எப்படிச் சொல்வது? பிள்ளைகளின் காரியத்தில் ஆண்டவரிடம் கேட்கத்தான் செய்கிறேன். ஆனால் கேட்பதற்கு முன் நானும் என் வீட்டுக்காரரும் ஒருவருக்கொருவர் உண்மையைச் சொல்லிவிடுவோம். அவர் இருந்தவரை அதை வழக்கமாக வைத்திருந்தோம்.

இனி நீங்கள் கேட்ட விவரம். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் எந்தப் பஸ்ஸிலும் ஏறி ஆத்தூரில் இறங்கலாம். அங்கிருந்து புன்னைக்காயலுக்குப் பஸ்ஸும் ஆட்டோவும் உண்டு. பஸ் நேரத்தை ஆத்தூரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், அடிக்கடி மாறுகிறது. காலையில் போனால் ஆறு கடலில் சேரும் இடத்தை வெயிலுக்கு முன் பார்த்துவிடலாம். குடிதண்ணீர் கொண்டுபோங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கரையோரமாகக் காயல்பட்டணத்துக்கு நடக்க வேண்டாம். வாய்க்கால்கள் திடீரென்று ஆழமாகும். தங்க நினைத்தால் திருச்செந்தூருக்குப் போய்விடுங்கள். இன்னொன்று: காற்று நாளில் கரையில் பெண்கள் கூட்டமாக நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தால், அழகாக இருக்கிறதென்று படம் எடுத்துவிடாதீர்கள். போய்ப் பக்கத்தில் நில்லுங்கள். யார் வர வேண்டும் என்று பெயரைக் கேளுங்கள்.